எட்டு மணி மாத்திரை

காலை ஆறரை மணிக்கு ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, திறந்தவர் கண்ணைக் கசக்கி முடிப்பதற்குள், "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டிய?" என்று கேட்கும் தைரியம் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. பேட்டையில் எங்கள் பட்டறைக்குப் போகும் வழியில், ஒரு சைக்கிள் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒற்றை அறையில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருந்த அக்கா அவர். சொந்த ஊர் பாளையங்கோட்டை. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். ஒல்லி உடம்பு, முகத்தில் பாதியை மறைக்கும் கண்ணாடி, வெளுத்துப் போன நீல ஸ்கூட்டர். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஒரு ஐஸ் பெட்டி இருக்கும். பேட்டையில் பாதிப் பேருடைய ரத்தம் அதற்குள் இருக்கும். பட்டறையில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ரத்தக்காரி. அது அவருக்கும் தெரியும். போன் செய்தால், "ரத்தக்காரி பேசுதேன், சொல்லு" என்பார்.

கேள்வி ஒன்றோடு நிற்காது. இட்லி என்று சொன்னால் எத்தனை இட்லி, சட்னியா சாம்பாரா, எத்தனை மணிக்கு, சாப்பிட்டதும் படுத்தீர்களா இல்லை நடந்தீர்களா என்று போய்க்கொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டிய நாளில் எங்கள் முதலாளியிடமே அவர் பேசியதை நான் கேட்டிருக்கிறேன்.

"ஒண்ணும் சாப்பிடல, வெறும் வயிறுதான்" என்றார் முதலாளி.

"காப்பி?"

"அது ஒரு வாய்தான்."

"சீனி போட்டா போடாமலா?"

முதலாளி திருதிருவென்று விழித்தார். அக்கா ஊசியைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, "நாளைக்கு வாரேன் சார்" என்று கிளம்பிவிட்டார். முதலாளி இப்படி விழித்ததைப் பார்த்து அன்று முழுக்க நாங்கள் சிரித்தோம்.

நான் உலைக்காரன். பழைய இரும்பை உருக்கி, மண் அச்சில் ஊற்றி, அடிபம்புத் தலையும் மோட்டார் மூடியும் செய்கிற சிறிய வார்ப்புப் பட்டறை எங்களுடையது. காலை ஏழரைக்கு உலையை மூட்டினால் மதியம் வரை அதன் வாயை விட்டு நகர முடியாது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே உருகிய இரும்புக்கு எதிரில் நிற்பது எப்படி இருக்கும் என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. சட்டையைக் கழற்றிப் பிழிந்தால் தண்ணீர் ஒழுகும், பத்து நிமிஷத்தில் உப்புப் பூத்துக் காய்ந்துவிடும். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

எங்களிடம் சரக்கு எடுக்க வந்த ஒரு கம்பெனி, தொழிலாளர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் சோதித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி போட்டது. முதலாளிக்கு வேறு வழியில்லை. அப்படித்தான் அக்கா எங்கள் பட்டறைக்குள் வந்தார்.

நாங்கள் லேசுப்பட்ட ஆட்களா? சோதனைத் தேதி தெரிந்ததும் மூன்று நாள் முன்பே எல்லாரும் நல்ல பிள்ளைகளாகிவிடுவோம். குடிப்பவன் குடிக்க மாட்டான், இனிப்பு தின்பவன் அதைத் தொட மாட்டான், ராத்திரி ரெண்டு சப்பாத்தியோடு படுத்துவிடுவோம். ரிப்போர்ட் தங்கம் போல வரும். இரண்டு தடவை அக்கா ஏமாந்தார். மூன்றாம் தடவை, சொன்ன தேதிக்கு நாலு நாள் முன்னால், ஒரு கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அதோடு, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இன்னொரு சோதனையையும் சேர்த்துச் செய்திருந்தார். ரிப்போர்ட்டுகளை விசிறி போல விரித்துப் பிடித்துக்கொண்டு, "ஏ அப்பா! என்ன நடிப்புடே ஒங்க நடிப்பு! கூத்துக்குப் போயிருக்கலாம் நீங்க!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். கோபமே இல்லை. பொய் எப்படி இத்தனை நாள் வேலை செய்தது என்று தெரிந்துகொண்டதில் அவருக்கு அப்படி ஒரு பூரிப்பு.

அவரை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்தியது இதுதான். ஓர் எண்ணைப் பார்த்தால் அது ஏன் அப்படி வந்தது என்று தெரியாமல் அவரால் இருக்க முடியாது. தெரிந்துவிட்டால் சின்னப் பிள்ளை மாதிரி குதிப்பார். தான் சொன்னது தப்பு என்று தெரிந்தாலோ இன்னும் கூடக் குதிப்பார்! எனக்கு இது ரொம்ப நாள் விளங்கவில்லை. நானெல்லாம் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள ஒரு வாரம் எடுத்துக்கொள்கிற ஆள்.

ஒரு தடவை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூச்சிரைக்க உள்ளே வந்தார். முந்தின நாள் சுடுசோறும் தேங்காய்ப்பால் சொதியும் சாப்பிட்டுவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை தன் விரலைத் தானே குத்திச் சர்க்கரை பார்த்திருக்கிறார். அன்று அதே அரிசியில் பழைய சோறு சாப்பிட்டுவிட்டுப் பார்த்திருக்கிறார். "இரு, இரு, இரு! பழைய சோத்துக்குக் கம்மியாத்தான்லே ஏறுது!" என்று எங்கள் தூக்குவாளிகளை எல்லாம் திறந்து பார்த்து, பழைய சோறு கொண்டுவந்தவனுக்குக் கைகொடுத்தார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தார். "நான் சொன்னது தப்புப்பா! இன்னைக்குப் பழைய சோத்துக்குத்தான் கூட ஏறிட்டு. நேத்து சரியா தூங்கல, அதனாலயா இருக்குமோ?" என்று கேட்டுவிட்டு, எங்கள் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். அவருடைய விரல் நுனிகளைப் பார்த்திருக்கிறேன். எள்ளைத் தூவி வைத்தது போல இருக்கும்.

அவர் போகிற சர்ச்சில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் உண்டு. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் மதியம் வரை ஜெபித்துவிட்டு, பிறகு எல்லாருமாகச் சேர்ந்து சாப்பிடுவார்கள். ஒரு நாள் பாட்டு நடுவே ஒரு அம்மா சரிந்து விழுந்திருக்கிறார். ஆவியில் நிறைந்து விழுந்துவிட்டார் என்று சுற்றி நின்றவர்கள் சத்தமாய் ஜெபிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், விரலைக் குத்திப் பார்த்து, தன் பையிலிருந்த சீனியை அந்த அம்மாவின் கன்னத்துக்குள் தேய்த்துவிட்டாராம். வழக்கம்போலக் காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வந்துவிட்டிருக்கிறார் அந்த அம்மா. ஜெபத்தை நிறுத்திவிட்டாயே என்று ஒருவர் கேட்டதற்கு, "ஆண்டவரு கோவிக்க மாட்டாரு. மாத்திரையப் போட்டுட்டுப் பட்டினி கெடந்தா நான் கோவிப்பேன்" என்றாராம். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் சர்ச் வாசலில் விரல் குத்தும் கருவியோடு அவர் நிற்பதாகக் கேள்வி. அதை என்னிடம் சொல்லும்போதும் அந்த அம்மாவின் எண் எவ்வளவு இறங்கியிருந்தது என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இப்போது அவர் பேட்டையில் இல்லை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் மூடப்பட்டு, அங்கே வேலை செய்த ஜனங்கள் மலையை விட்டு இறங்கி வந்த பிறகு, அவர்களில் சிலர் ரத்தம் சோதிக்க அவரிடம் வந்திருக்கிறார்கள். காலமெல்லாம் குளிரில் மேடேறி இறங்கி இலை பறித்த உடம்புகள், கீழே வந்து வெக்கையில் ஒரே இடத்தில் உட்கார்ந்ததும் எப்படி மாறுகின்றன என்று பார்த்தே தீர வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. லேப்பை மூடிவிட்டு, மலையடிவாரத்துப் பக்கம் போய்விட்டார். "எவ்வளவு பெரிய கேள்விலே இது!" என்று ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே சொன்னார். எங்களை விட்டுப் போவதில் அவருக்கு வருத்தம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. எனக்கு இருந்தது. இருக்கிறது.

என் கதைக்கு வருகிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு சோதனை என்றேன் அல்லவா? அதில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற எண் ஒன்று உண்டு, கிரியாட்டினின் என்பார்கள். ரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் தளர்கிறது என்று அர்த்தம். என்னுடையது ஒன்று புள்ளி இரண்டில் ஆரம்பித்தது. அடுத்த தடவை ஒன்றரை. அதற்கடுத்து ஒன்று புள்ளி எட்டு. உலைப்பக்கம் நிற்கிற இன்னும் மூன்று பேருக்கும் இதே போலக் கொஞ்சம் கொஞ்சமாய் ஏறியது. அச்சு செய்கிறவர்களுக்கு ஏறவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் போனேன். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. "மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இப்படியே ஏறிக்கொண்டு போனால் சில வருஷத்தில் வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டி வரும் என்று தன்மையாகத்தான் சொன்னார். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. மூத்தவள் பத்தாவது, இளையவள் ஆறாவது. பஸ்ஸில் வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் குறுக்குத்துறைப் படித்துறையில் போய் உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெண்டாட்டியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பயந்துவிட்டேன். அதை மறைக்க வேண்டியதில்லை.

கார்த்திகை பிறந்தது. உலைக்காரர்கள் நாலு பேரும் வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள். எங்களுக்கு ஒரு குருசாமி உண்டு. அந்த நாலு பேரில் ஒருவர்தான், பதினெட்டு வருஷத்துக்கு மேல் மலைக்குப் போனவர். விடியுமுன் ஆற்றில் முழுக்கு, காலையில் பட்டினி, மதியம் ஒருவேளைச் சோறு, சாயங்காலம் மறுபடி முழுக்கு, ராத்திரி பலகாரம். மார்கழியில், மாலையோடு இருக்கும்போதே சோதனை வந்தது. அக்கா ரத்தம் எடுத்துப் போன மறுநாள் மதியம் பட்டறை வாசலில் ஸ்கூட்டரை ஸ்டாண்டுகூடப் போடாமல் கீழே சாய்த்துவிட்டு ஓடி வந்தார்.

"எறங்கிட்டுலே! நாலு பேருக்கும் எறங்கிட்டு! ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டேன்!"

எனக்கு ஒன்று புள்ளி ஆறு. குருசாமி உலைக்கு முன்னாலேயே சரணம் விளித்தார். நாங்களும் தொண்டை கிழியக் கூவினோம். "வெரதத்தோட சக்தி தெரியுதா?" என்றார் குருசாமி. அக்காவும் எங்களோடு சேர்ந்து கைதட்டினார். ஆனால் போகும்போது நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "பட்டினி கெடந்தா எப்படி எறங்கும்? ஒலைக்கு முன்னால நின்னுக்கிட்டு?" என்று தனக்குத் தானே பேசிக்கொண்டு போனதை நான் கவனித்தேன்.

எனக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. வழி தெரிந்துவிட்டது! மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினேன், விரதத்தை விடவில்லை. சொல்லப்போனால் கூட்டினேன். மதியம் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். உலைச்சூட்டில் நிற்கும்போது தண்ணீர் குடித்தால் ஜன்னி கண்டுவிடும் என்று எங்களுக்குள் ஏற்கெனவே ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் அது பெரிய கஷ்டமாகவும் இல்லை. தை, மாசி, பங்குனி. கண் இருட்டும், தலை சுற்றும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். விரதம் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனியில் அக்கா வந்தார். கையில் என் ரிப்போர்ட். முகம் பளபளவென்று இருந்தது.

"ஏறிட்டு தம்பி! ரெண்டு புள்ளி ஒண்ணு! ஏறிட்டுலே!"

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. கையில் இருந்த இரும்புக் கம்பியைத் தூர எறிந்தேன்.

"என்னக்கா சந்தோசம் ஒங்களுக்கு? ரெண்டு பொம்பளப் புள்ளைய வச்சிருக்கேன். என் கிட்னி போறது ஒங்களுக்குத் திருவிழாவா இருக்கா?"

அக்கா மண் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன். களைத்த முகம்.

"மன்னிச்சிருப்பா" என்றார். "எனக்கு வாய் முந்திரும். ஆனா கேளு. ஏறிக்கிட்டே போயிருந்தா நான் பயந்திருப்பேன். இது ஒரு தடவ எறங்கிட்டு, மறுபடி ஏறிட்டு. அப்ப எறக்குத சாமான் ஒண்ணு எங்கனயோ இருக்கு. அது வெறும் பட்டினி இல்ல, பட்டினிதான் நீ இப்பமும் கெடக்கியே. கார்த்திகையில செஞ்ச எதையோ இப்பம் செய்யாம இருக்க. அத எப்படிலே நான் தேடாம இருக்க?"

எறிந்த கம்பியை எடுத்துக்கொண்டு நான் உலைப் பக்கம் திரும்பினேன். அவர் பேசியதில் நியாயம் இருந்தது, அதனாலேயே இன்னும் கோபம் வந்தது.

அடுத்த வாரம் முதலாளியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, காலை ஏழரைக்கே வந்து உலையிலிருந்து பத்தடி தள்ளி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ரிப்போர்ட் உறைகளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். அரை மணியில் சேலை முழுக்க நனைந்துவிட்டது. "வெளிய போங்கக்கா" என்றால், "நீ நிக்கல்ல?" என்றார். நான் எந்தக் கையால் கம்பியைப் பிடிக்கிறேன் என்பது முதற்கொண்டு எழுதினார்.

சரியாக எட்டு மணிக்கு எதிர்ப்பக்க டீக்கடை அண்ணாச்சி கம்பித் தட்டில் டீ கிளாஸ்களோடு வந்தார். மேலே ஒரு எவர்சில்வர் தட்டில் பருப்பு வடை. வடைக்குப் பக்கத்தில், கத்திரியால் ஒவ்வொன்றாக நறுக்கிய மாத்திரைகள். நான் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, ஒரு மடக்கு டீ மட்டும் குடித்தேன், என் விரதக் கணக்கில் அது சேராது. மற்ற மூன்று பேரும் அப்படியே செய்தார்கள்.

"இரு, இரு, இரு" என்றார் அக்கா. "என்னது அது?"

"எட்டு மணி, அக்கா" என்றேன்.

"எட்டு மணின்னா?"

"எட்டு மணி மாத்திரை. ஒடம்பு வலிக்கு. இது போடாட்டி மதியம் வரை நிக்க முடியாதுல்லா?"

"யாரு எழுதிக் கொடுத்தா?"

"எழுதிக் கொடுக்க என்ன இருக்கு? அண்ணாச்சிதான் கொண்டாருவாவ."

"எத்தன வருசமா?"

யோசித்துப் பார்த்தேன். "நான் வேலைக்குச் சேந்ததுல இருந்து. பதினாலு வருசம் இருக்கும்."

"டாக்டரு மாத்திரை சாப்பிடுதியான்னு கேட்டதுக்கு இல்லன்னுட்டேன்னு எங்கிட்ட சொன்னியே!"

"அது மாத்திரையாக்கா? அது டீயோட வாரது!"

இன்றைக்கு இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் சத்தியமாக, அன்று வரை அதை நாங்கள் யாரும் மருந்தாக நினைத்ததே இல்லை. வடை மாதிரி, பீடி மாதிரி, அது காலை எட்டு மணியின் ஒரு பகுதி. "எட்டு மணி போட்டாச்சா?" என்றுதான் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வோம்.

அக்கா எழுந்து நின்றார்.

"மாலை போட்டிருக்கப்ப இதப் போட்டியளா?"

நாலு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். குருசாமிதான் பதில் சொன்னார். "மாலை போட்டுட்டுக் கடையில எப்படிம்மா வாங்கித் திங்க? அந்த நாளுல அண்ணாச்சி கடைப் பச்சத் தண்ணி பல்லுல படாது. வலிய ஆத்துத் தண்ணியில முங்கித்தான் போக்கிக்கிடுவோம்."

"தண்ணி! குடிக்கத் தண்ணி எங்கன வச்சிருக்கிய?"

"அந்தா, வாசல் கேட்டுக்கிட்ட. ஒல எரியும்போது அங்கன போக முடியாது."

"கார்த்திகையில?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்கும் உடம்பு சிலிர்த்தது. "கார்த்திகையில சாமிமாருக்குத் தனிக் குடம்க்கா. எல்லாரும் குடிக்கிற டம்ளர்ல குடிக்கக் கூடாதுல்லா? முதலாளி இங்கன, இந்த ஒலைக்குப் பக்கத்துலதான் வச்சுத் தருவாரு. சுக்குத் தண்ணியும் நீர்மோருமா குடிச்சுக்கிட்டே இருப்போம்."

அக்கா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சிரித்தார். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மாத்திரைய விட்டிய! தண்ணியச் சேத்திய! ஏலே, ஒங்க சாமி ஒங்கள டீக்கடைப் பக்கம் போகவிடாமப் பண்ணிட்டாரு, நீங்க அதப் பட்டினின்னு நெனச்சிட்டிய!" பட்டறையில் அவர் ஒரு சுற்று ஓடியே விட்டார். எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. என்ன ஏது என்று முழுசாய் விளங்காமலே நாங்களும் கத்தினோம்.

கத்தாதவர்கள் இரண்டு பேர். குருசாமியின் முகம் வாடிவிட்டது. அக்கா அவரிடம் போய் மெதுவாக, "வெரதம் கெடுதல்னு நான் சொல்லல சாமி. அந்த நாளுலதான் ஒங்களுக்கு நல்லா இருந்துச்சு. அதுல எது நல்லது பண்ணுச்சுன்னுதான் தேடுதேன்" என்றார். குருசாமி தலையை ஆட்டினார். இன்னொருவர் டீக்கடை அண்ணாச்சி. அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"நான் என்ன, வெசமா கொடுக்கேன்? புள்ளைய வலியில துடிக்கானுவளேன்னு டவுனுக்குப் போயி வாங்கியாந்து கொடுக்கேன். இதுவரைக்கும் ஒரு பய வயித்து வலின்னு வந்து நின்னிருப்பானா?"

"அண்ணாச்சி, நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தான் கொடுத்திய. ஆனா சூட்டுல, தண்ணி குடிக்காம, வெறும் வயித்துல, தெனமும் வலி மாத்திரை போட்டா அது கிட்னியத்தான..."

"இனி இந்தப் பட்டறைக்கு டீயே கெடையாது" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே அக்கா என்னை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து டாக்டரிடம் கூட்டிப் போனார். ஐஸ் பெட்டியை நான் மடியில் வைத்திருந்தேன். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடவும், உலைக்கு முன்னால் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடிக்கவும் சொன்னார். வெளியே வந்ததும் அக்கா, "இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ரத்தம் சொல்லட்டும்" என்றார். குதிப்பெல்லாம் அடங்கிவிட்டிருந்தது. அவருக்கும் பயம் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த மூன்று மாதம் நான் அவரைத் திட்டாத நாள் இல்லை. மாத்திரை இல்லாமல் இடுப்பு கழன்று விழுவது போல இருந்தது. முதல் பத்து நாள் வீட்டுப் படியேற முடியவில்லை. முதலாளி குடத்தை நிரந்தரமாக உலைக்குப் பக்கத்தில் வைத்தார், நடுவில் கால் மணி நேரம் மாற்று ஆள் விட்டார். காலையில் வீட்டிலேயே நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தேன். மாலையில் நாலு பேரும் குறுக்குத்துறையில் போய்க் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தோம். அண்ணாச்சி ஒரு வாரம் எங்கள் பக்கம் திரும்பவில்லை. எட்டாம் நாள் டீயும் வடையும் மட்டும் கொண்டுவந்து, யார் முகத்தையும் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனார்.

ஆனி மாதம். சாரல் காற்று ஆரம்பித்திருந்தது. சோதனைக்கு ரத்தம் கொடுத்த மறுநாள் காலை, போனில் கேட்டால் அக்கா சொல்லவில்லை. "நேர்ல வாரேன்" என்று வைத்துவிட்டார். அந்தக் குரலில் இருந்து ஒன்றும் பிடிபடவில்லை. அன்று உலையை மூட்டவே எனக்கு மனமில்லை.

எட்டு மணிக்கு அண்ணாச்சி டீயோடு வந்தார். அவருக்குப் பின்னாலேயே அக்காவின் ஸ்கூட்டர். அண்ணாச்சி தட்டை வைத்துவிட்டுப் போகாமல் தூணோரம் நின்றுகொண்டார்.

அக்கா உறையைப் பிரித்தார். "ஒண்ணு புள்ளி நாலு" என்றார்.

யாரோ என்னைத் தூக்கினார்கள். மற்ற மூன்று பேருக்கும் இறங்கியிருந்தது. குருசாமிக்குக் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது, ஆனாலும் இறங்கியிருந்தது. "குதிக்காத, குதிக்காத" என்று சொல்லிக்கொண்டே அக்கா குதித்தார். "கேளுலே! போனதுல கொஞ்சம் போனதுதான். அது திரும்பி வராது. ஆனா இருக்கறத வச்சுக்கிட்டு நீ ஒன் மவளுவ கல்யாணத்துல பந்தி பரிமாறலாம்!" நான் உலைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். பதினாலு வருஷமாய் அந்த இடத்தில் வேர்வையைத் தவிர வேறொன்றும் விட்டதில்லை.

எல்லாரும் கத்திக்கொண்டிருந்ததில், அண்ணாச்சி தூணை விட்டு நகர்ந்து அக்காவுக்கு முன்னால் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. கையில்லாத பனியன் போட்டிருந்தார். வலது கையை நீட்டினார். அடுப்புச் சூடு பட்ட தழும்புகள் அதிலும் எங்கள் கைகளில் இருப்பது போலவே இருந்தன.

"எனக்கும் எடுத்துப் பாரு தாயி" என்றார். "நாலு மணிக்கு அடுப்பு முன்னால நின்னா ராத்திரி எட்டு வரைக்கும் நிக்கேன். இவனுவளுக்கு ஒண்ணுதான் கொடுத்தேன். நான் இருவது வருசமா தெனமும் ரெண்டு போடுதேன்."

அக்கா என் ரிப்போர்ட்டை ஸ்டூலின் மேல் வைத்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி" என்று சொல்லி, பெட்டியைத் திறந்தார். அண்ணாச்சி மண் குவியலின் மேல் உட்கார்ந்து கையை மடியில் வைத்தார். ஊசியை எடுத்த அக்கா, நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று அவரிடம் கேட்கவில்லை.